மஞ்சள் தபால் தலையும் பாரீஸ் கோடீசுவரரும்

ஆரணியில் பட்டு வாங்கப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இரண்டு சேலைகளை விரித்துப் போடுவார்கள். இரண்டும் ஒரே நிறம். இரண்டிலும் சரிகை மின்னும். வாங்க வந்தவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால், நெசவாளி ஏமாற மாட்டார். சேலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று கணக்குப் போடுவார். சரிகையின் நுனியைப் பிரித்து, உள்ளே இருப்பது பட்டு நூல்தானா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால், ஓர் இழையை நெருப்பில் காட்டுவார். முடி கருகும் நாற்றம் வந்தால் அது பட்டு. அதன் பிறகுதான் விலையைச் சொல்வார்.

தெரியாதவருக்கு எல்லாம் சேலை. தெரிந்தவருக்கு ஒவ்வொன்றும் ஒரு விலை.

தபால் தலையும் இப்படித்தான். பெருவிரல் அகலம்கூட இல்லாத காகிதத் துண்டு. கடிதத்தில் ஒட்டி, முத்திரை குத்தி, தூக்கி எறியப்பட்ட துண்டு. அவற்றில் ஒன்று ஒரு மாளிகையின் விலைக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைக் காலணாவுக்குக் கேட்கவும் ஆள் இருக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கண்ணும் பொறுமையும்தான்.

இந்தச் சின்னஞ்சிறு காகிதங்களுக்காகப் பிரபு பட்டத்தை உதறியவர் போல் வாழ்ந்த ஒருவர் இருந்தார். தம் ஆயுள் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்தார். அவர் பெயர் பிலிப் பெராரி.

மாளிகையில் பிறந்தவர்

பிலிப் பெராரி 1850-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை இத்தாலி நாட்டு ஜெனோவாக்காரர். ரெயில் பாதை போடுவதிலும் பாங்கித் தொழிலிலும் பெரும் பணம் சேர்த்தவர். "கல்லியேரா பிரபு" என்பது அவருடைய பட்டம். ஜெனோவா துறைமுகத்தை விரிவுபடுத்த 2 கோடி லிரா நன்கொடை கொடுத்தவர் என்றால், அவருடைய செல்வத்தைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தாய் மரியாவும் பெரிய இடத்துப் பெண். தான தருமத்தில் பேர் போனவர். ஆஸ்பத்திரியும் அநாதை விடுதியும் கட்டினார். பாரீசில் அவர் கட்டிய கல்லியேரா மாளிகை இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

குடும்பம் வசித்தது பாரீசின் மிக அழகான மாளிகைகளில் ஒன்றில். மத்தீன்யோன் மாளிகை என்று அதற்குப் பெயர். 1935-ம் ஆண்டு முதல் அது பிரான்சு நாட்டுப் பிரதம மந்திரியின் இருப்பிடமாக இருந்து வருகிறது.

அத்தனை பெரிய மாளிகையில், சிறுவன் பிலிப்பின் கண்ணில் பட்டது கடித உறையின் மூலையில் இருந்த சிறு காகிதம்!

புதிதாக வந்த அதிசயம்

அந்தக் காலத்தில் தபால் தலை என்பதே புதிய சங்கதி. அதற்கு முன், பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் கூலி கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்பக் கூலி. ஏழைகள் பலர் பணம் இல்லாமல் கடிதத்தைத் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பவர் இதை மாற்ற வழி சொன்னார். அனுப்புகிறவரே முன்கூட்டிப் பணம் கட்டட்டும். கட்டியதற்கு அடையாளமாக ஒரு சீட்டை ஒட்டட்டும் என்றார். 1840-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி உலகின் முதல் தபால் தலை புழக்கத்துக்கு வந்தது. கறுப்பு நிறம். விக்டோரியா ராணியின் தலை. விலை ஒரு பென்னி.

மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றின. 1854-ம் ஆண்டு இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. கல்கத்தாவில் சர்வே ஆபீசில் கல் அச்சில் அவை அச்சாயின. சுவீடன் நாட்டில் 1855-ல் வந்தன. பெராரிக்குப் பத்து வயது ஆவதற்குள், சேகரிப்பதற்கு நூற்றுக்கணக்கான வகைகள் உலகில் இருந்தன.

மற்ற பிள்ளைகள் வளர்ந்ததும் ஆல்பத்தை மூடி வைத்து விடுவார்கள். பெராரி மூடவில்லை.

பட்டம் வேண்டாம்!

1876-ல் தந்தை காலமானார். பிரபு பட்டம் மகனுக்கு வர வேண்டும். பெராரி அதை ஏற்கவில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் போதும் என்று ஒதுங்கி விட்டார். பின்னர் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஒருவர் அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். பெராரி ஆஸ்திரியக் குடிமகன் ஆனார். இந்த முடிவு பிற்காலத்தில் அவருடைய சேகரிப்பின் தலைவிதியையே மாற்றப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தாய் 1888-ல் இறந்தார். மாளிகையை அவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு எழுதி வைத்து விட்டார். அது ஆஸ்திரிய தூதரகம் ஆயிற்று. அதன் ஒரு பகுதியில் பெராரி தொடர்ந்து குடியிருந்தார். அங்கேதான் தபால் தலைகளும் இருந்தன.

அவற்றைப் பிரித்து அடுக்கி வைக்கவே பியேர் மாஹே என்ற நிபுணரை அமர்த்தினார். மாஹே ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார்.

ஒரு சென்ட் தபால் தலை

நல்ல தபால் தலை எங்கே இருந்தாலும் பெராரி தேடிப் போவார். லண்டன், பெர்லின், வியன்னா என்று ஊர் ஊராகச் சுற்றுவார். தனித் தனியாக மட்டும் அல்ல, பிறர் சேர்த்த முழு ஆல்பங்களையும் வாங்குவார். 1882-ல் பில்பிரிக் என்ற ஆங்கிலேயரின் சேகரிப்பை 8 ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கினார்.

அதற்கு முன்பே, 1878-ல், அவர் கைக்கு ஓர் அபூர்வம் வந்து விட்டது. தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானா என்ற நாட்டில் 1856-ம் ஆண்டு தபால் தலை தட்டுப்பாடு ஏற்பட்டது. அவசரத்துக்கு உள்ளூர் அச்சகத்தில் அச்சடித்தார்கள். அதில் ஒரு சென்ட் தபால் தலை ஒன்றே ஒன்றுதான் உலகில் மிஞ்சியது.

1873-ல் அதைக் கண்டெடுத்தவன் 12 வயதுப் பள்ளிக்கூடப் பையன். மூலைகள் வெட்டுப்பட்டு, மங்கிப் போன அந்தத் தலையை 6 ஷில்லிங்குக்கு விற்று விட்டான்! ஐந்து ஆண்டு கழித்து அது 150 பவுண்டுக்குப் பெராரியிடம் வந்தது. 2014-ம் ஆண்டில் நியூயார்க்கில் அதே காகிதத் துண்டு ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

நம் நாட்டுக் கடைத்தெருவிலும் இப்படி ஓர் அதிர்ஷ்டம் நடந்தது. மொரீசியஸ் தீவின் முதல் தபால் தலைகள் 1847-ல் வந்தவை. அவற்றில் இரண்டு ஒட்டிய ஒரு கடிதம் 1850-ல் பம்பாய்க்கு வந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1897-ல், அந்த உறை இந்தியக் கடைத்தெரு ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அதை உலகமே கொண்டாடியது. மொரீசியசின் அந்த அரிய தபால் தலைகள் பெராரியின் ஆல்பத்திலும் இருந்தன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நெசவாளி சேலையைப் பார்ப்பது போலவே, தபால் தலையையும் வரிசையாகச் சோதிப்பார்கள்.

முதலில் காகிதம். சில காகிதங்களில், செய்யும்போதே மெல்லிய ஓர் உருவம் பதிந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். இதை நீர்க்குறி என்பார்கள். இங்கிலாந்தின் முதல் கறுப்புத் தபால் தலையில் சிறிய கிரீடம் நீர்க்குறியாக இருக்கும். கிரீடம் எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை.

இரண்டாவது ஓரம். முதல் தபால் தலைகளுக்கு ஓரத்தில் பல் கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். அவசரத்தில் வெட்டினால் படமே வெட்டுப்படும். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டு வெட்டியது அதிக விலை போகும். பிறகு துளை போட்டுக் கிழிக்கும் முறை வந்தது. பாரீசில் லெக்ராண்ட் என்ற டாக்டர் 1866-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணும் அளவுகோல் அது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று ஆரணியில் எண்ணுவது போலத்தான்! ஒரே படம், ஒரே விலை அச்சிட்ட இரண்டு தலைகளில், துளைக் கணக்கு மாறினால் மதிப்பும் மாறி விடும்.

மூன்றாவது நிறம். இதில்தான் ஆபத்து அதிகம். வெயிலும் ரசாயனமும் சாயத்தை மாற்றி விடும். சாயம் வெளுத்த சேலையைப் புது நிறம் என்று யாரும் சொல்வது இல்லை. தபால் தலையில் மட்டும் அப்படிச் சொல்லி விற்பவர்கள் உண்டு.

நான்காவது தபால் முத்திரை. எந்த ஊர், எந்தத் தேதி என்று பார்ப்பார்கள். தபால் தலை வெளியாவதற்கு முந்திய தேதியில் முத்திரை இருந்தால், குட்டு உடைந்து விடும்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் விலை. பழசு என்பதற்காக மட்டும் விலை கிடைக்காது. உலகின் முதல் தபால் தலை சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சாயிற்று. அதனால் அது இன்றும் பலரிடம் இருக்கிறது. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேண்டும், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையை முடிவு செய்யும்.

பாட்டி வீட்டுப் பரண்

சுவீடனில் 1855-ல் வந்த முதல் தபால் தலைகளில், 3 ஸ்கில்லிங் தலைக்கு நீலப்பச்சை நிறம். 8 ஸ்கில்லிங் தலைக்கு மஞ்சள் நிறம்.

பாக்மான் என்ற பள்ளி மாணவன் பாட்டி வீட்டுப் பழைய கடிதங்களைக் கிளறிக்கொண்டு இருந்தான். 1880-களின் நடுவில் நடந்தது இது. பழைய 3 ஸ்கில்லிங் தலை ஒவ்வொன்றுக்கும் 7 குரோனர் தருவதாக ஸ்டாக்ஹோம் வியாபாரி ஒருவர் விலை போட்டிருந்தார். பையன் தேடி எடுத்த ஒரு தலையில் 3 ஸ்கில்லிங் என்று அச்சாகி இருந்தது. நிறம் மட்டும் மஞ்சள்!

என்ன நடந்திருக்கும்? ஒரு தாளில் 100 தலைகள். நூறு அச்சுகளைச் சேர்த்து அடிப்பார்கள். 8 ஸ்கில்லிங் அச்சுகளின் நடுவே 3 ஸ்கில்லிங் அச்சு ஒன்று தவறிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் கருத்து.

வியாபாரி 7 குரோனர் கொடுத்து வாங்கிக்கொண்டார். அதைப் போல இன்னொன்று இருக்கும் என்று பலரும் தேடினார்கள். இதுவரை கிடைக்கவில்லை.

1894-ல் வியன்னா வியாபாரி ஒருவர் மூலம் அது பெராரியிடம் வந்தது. விலை 4 ஆயிரம் கில்டர். அந்த நாளில் இது பெரிய தொகை. பெராரி பேரம் பேசவில்லை.

தாராளம் தந்த வினை

பேரம் பேசாததுதான் பெராரியின் பலவீனமும்கூட. தங்கக் காசு வைத்துக்கொண்டு கடை கடையாகப் போவார், கேட்ட விலையை அங்கேயே எண்ணி வைப்பார் என்று சொல்வார்கள். சில்லறை வியாபாரியையும் வெறும் கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராதாம்.

விஷயம் பரவியது. போலி செய்கிறவர்கள் புறப்பட்டார்கள். எந்த ஆல்பத்திலும் இல்லாத நிறத்தில், எந்த நாட்டிலும் வராத வகையில், தபால் தலைகள் பெராரிக்கு என்றே பிறந்தன! அரிய பொருளுக்கு ஆங்கிலத்தில் "ராரிட்டி" என்று பெயர். அவரிடம் தள்ளிய போலிகளை "பெராரிட்டி" என்று கேலி செய்தார்கள்.

போலித் தபால் தலை அந்தக் காலத்தில் ஒரு தொழிலாகவே நடந்தது. ஜெனீவா நகரில் பூர்னியே என்பவர் நகல் என்று சொல்லியே விற்றார். நகலை அசலாக்கி அடுத்தவர் தலையில் கட்டுவதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

பெராரிக்குத் தெரியாதா? அவருக்கு அனுபவம் இருந்தது. பக்கத்திலேயே மாஹே இருந்தார். நூறு போலி வந்தாலும் வரட்டும், ஒரு நல்ல தலை கை நழுவக் கூடாது என்பதே அவர் எண்ணம் என்று அவரை அறிந்தவர்கள் கருதினார்கள். அதற்கு அவர் கொடுத்த விலை பணம் மட்டும் அல்ல. உலகின் தலைசிறந்த ஆல்பத்தில் நெல்லும் பதரும் கலந்து கிடந்தன. பெராரி வைத்திருந்தார் என்ற ஒன்றே ஒரு தபால் தலைக்குச் சான்று ஆகாமல் போயிற்று. ஒவ்வொன்றையும் மறுபடி சோதிக்க வேண்டி வந்தது.

அந்த ஆல்பங்களைப் பார்த்தவர்களும் மிகச் சிலரே. உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருந்த செல்வங்கள், பூட்டிய அறைக்குள் கிடந்தன.

யுத்தம் வந்தது

1914-ல் முதல் உலக மகா யுத்தம் மூண்டது. ஒரு பக்கம் பிரான்சு. எதிர்ப்பக்கம் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். பாரீசில் பிறந்து பாரீசிலேயே வாழ்ந்த பெராரி, ஆஸ்திரியக் குடிமகன் என்பதால் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆகி விட்டார்!

அவர் சுவிட்சர்லாந்துக்குப் போனார். சேகரிப்பு பாரீசிலேயே தங்கி விட்டது.

1915-ல் உயில் எழுதினார். தபால் தலைகள் முழுவதையும் பெர்லின் நகரத் தபால் மியூசியத்துக்குக் கொடுத்தார். அவற்றைப் பராமரிப்பதற்குப் பணமும் ஒதுக்கினார். யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தவர், கடைசியில் அவை சிதறாமல் ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

1917-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, லோசான் நகரில் பெராரி காலமானார். அப்போது அவருக்கு வயது 67. ஆயுள் முழுவதும் சேர்த்த ஆல்பங்களைக் கடைசியாக ஒரு தடவை புரட்டிப் பார்க்கவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஏலம்! ஏலம்!

யுத்தம் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. பெராரியின் சேகரிப்பை எதிரியின் சொத்து என்று பிரெஞ்சு அரசாங்கம் பறிமுதல் செய்தது. ஜெர்மனி கட்ட வேண்டிய நஷ்ட ஈட்டுக் கணக்கில் வரவு வைப்பதற்காக அதை விற்க முடிவு செய்தது. உயில் பலிக்கவில்லை.

1921-ம் ஆண்டு ஜூன் மாதம் பாரீசில் ஏலம் தொடங்கியது. ஒரே ஏலத்தில் முடிகிற காரியமா அது? அடுத்த சில ஆண்டுகளில் மொத்தம் 14 ஏலங்கள் நடந்தன. சுமார் 3 கோடி பிராங்க் வசூல் ஆயிற்று.

பல நாட்டுப் பணக்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1922-ல் கயானாவின் ஒரு சென்ட் தலையை, ஆர்தர் ஹிண்டு என்ற அமெரிக்க ஆலை முதலாளி பெரும் விலைக்கு எடுத்தார். மஞ்சள் தபால் தலை சுவீடன் நாட்டுப் பிரபு ஒருவருக்குப் போயிற்று. 1937-ல் அது ருமேனியா நாட்டு மன்னர் கரோலின் கைக்கு வந்தது. பெராரி அறுபது ஆண்டு பாடுபட்டுச் சேர்த்தவை திக்குக்கு ஒன்றாகப் பறந்தன.

ஆனால், ஒரு நன்மையும் நடந்தது. பூட்டிக் கிடந்தவை வெளிச்சத்துக்கு வந்தன. நிபுணர்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார்கள். பல நாடுகளின் பழைய தபால் தலைகளைப் பற்றிய அறிவு வளர்ந்தது.

மறுபடியும் சந்தேகம்

மஞ்சள் தபால் தலைக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. 1970-களில் சுவீடன் தபால் மியூசியத்தார் அதைப் பரிசோதித்து, இது போலி என்று கருதினார்கள்! லட்சக்கணக்கில் மதிப்புள்ள காகிதம் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆகும் நிலை.

நிபுணர் குழு அமைத்தார்கள். மறுபடியும் சோதித்தார்கள். இரண்டு குழுக்கள் ஆராய்ந்த பின், தபால் தலை உண்மையானதுதான் என்று முடிவு ஆயிற்று. அச்சில் நடந்த பிழைதான், போலி அல்ல.

1996-ம் ஆண்டு அந்தத் தலை 28 லட்சத்து 75 ஆயிரம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போயிற்று. அதே காகிதம், அதே மை, 7 குரோனருக்குக் கைமாறிய அதே துண்டு! மாறியது ஒன்றுதான். அது இன்னது என்று சந்தேகம் இல்லாமல் தெரிந்து விட்டது.

பரணில் பழைய பெட்டி இருக்கிறதா?

ஆரணியிலும் மற்ற ஊர்களிலும் பழைய வீடுகளின் பரணில் தகரப் பெட்டி இருக்கும். அதில் தாத்தா காலத்துக் கடிதங்கள் கிடக்கலாம். வெளிநாட்டுத் தபால் தலை ஏதாவது கண்ணில் பட்டால், பெராரியின் கதையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உறையில் இருந்து தலையைக் கிழிக்கக் கூடாது. பல தலைகளுக்கு உறையோடு இருந்தால்தான் மதிப்பு அதிகம். ஊரும் தேதியும் சேர்ந்து சாட்சி சொல்லும். அழுக்கு என்று தேய்த்துக் கழுவக் கூடாது. பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டக் கூடாது. ஈரமும் வெயிலும் படாமல் வைத்து, தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். ஒருவருக்கு இருவராகக் கேட்பது இன்னும் நல்லது. பெரும்பாலும் அது சொற்ப விலை உள்ளதாகவே இருக்கும். அதனால் நஷ்டம் இல்லை. பார்த்துப் பழகிய கண் மிச்சம்.

பெராரியிடம் கோடிக்கணக்கில் பணம் இருந்தது. அதனால் எதையும் வாங்க முடிந்தது. ஆனாலும், வாங்கியதில் எது உண்மை, எது போலி என்று பணம் அவருக்குச் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள், அவருக்குப் பின் பூதக்கண்ணாடியோடு பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தான்.

சேலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிற ஆரணி நெசவாளிக்கு இது புதிய பாடம் அல்ல.